திருகோணமலையில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சைலன்சர் மாற்றுவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவருக்குச் சீக்கிரமே வந்து நிற்கும் வேலைகளில் ஒன்று சைலன்சர். திருகோணமலையில் அது இன்னும் கொஞ்சம் முந்தியே வரும். நம்முடைய நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. உட்துறைமுக வீதியிலோ திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ காரை நிறுத்தி வைத்தால், இரவு முழுக்க உப்புக்காற்று அதன் அடியில்தான் படுத்துக் கிடக்கும். மாரியில் மழையும் வாடைக்காற்றும் வரும். கச்சான் காலத்தில் புழுதி வந்து அந்த உப்பின்மேல் அப்பிக்கொள்ளும். கொழும்பிலோ கண்டியிலோ கார் வைத்திருப்பவர் சொல்லும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

இஞ்சினின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே தொடங்கிப் பின்குழாயின் நுனி வரை முழுப் புகைக்குழாய்த் தொகுதியையும் மாற்றப்போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் எம்ஜிபியை எடுக்கிறேன். 1962 முதல் 1980 வரை வந்த கார் அது. ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதற்கு இன்றைக்கும் புதுப் பாகங்கள் கிடைக்கின்றன. மற்றக் கார்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான்.

புதிதாக வருகிறவர்கள் அநேகமாகச் சத்தத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தச் சைலன்சர் போட்டால் நல்ல சத்தம் வரும் என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கடைசிக்கு வையுங்கள். பழைய சைலன்சர் எங்கே உக்கியிருக்கிறது, ஏன் உக்கியது என்று பார்த்துவிட்டால், எதை வாங்க வேண்டும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

முதலில் பழையதைப் பாருங்கள்

காரைச் சமமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். நம் வீட்டு முற்றங்கள் பல மணல் முற்றங்கள். அங்கே ஜாக் வைக்கவே வேண்டாம். பலகை போட்டால் சரி என்று சிலர் சொல்வார்கள். மழை குடித்த மணலில் பலகையும் சரியும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால், குழி வெட்டிய கராஜ் ஒன்றில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தூக்குவதானால் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஜாக்கால் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை வைக்காதீர்கள்.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கையில் ஒரு டோர்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் குழாயை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல உலோகம் கணீரென்று கேட்கும். உக்கிய இடம் பொத்தென்று ஈரப் பலகையைத் தட்டியதுபோல் கேட்கும். அந்த இடத்தை நுனியால் மெதுவாக அழுத்தினால் பல வேளைகளில் உள்ளே போய்விடும்.

குழாயின் வழியில் சத்தத்தைக் குறைக்கும் பெட்டிகள் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருக்கும். அவற்றில் பின்பெட்டியைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பாருங்கள். அதன் இரண்டு முனைகளிலும் தகட்டை மடித்து மூடிய விளிம்பு இருக்கும். அந்த விளிம்பின் அடிப்பக்கத்தில் கபில நிறத்தில் ஒரு கோடு வடிந்து காய்ந்திருந்தால், பெட்டி உள்ளிருந்து உக்குகிறது என்று அர்த்தம். வெளியே வர்ணம் நன்றாக இருக்கும். உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. பெற்றோல் எரியும்போது தண்ணீர் உண்டாவதுதான் இதற்குக் காரணம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். தொகுதி முழுக்கச் சூடாகிவிட்டால் அந்த ஆவி அப்படியே போய்விடும். கடற்கரை வரை ஐந்து நிமிடம் போய் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் ஓடி வீட்டுக்கு வந்தால், பின்பெட்டி சூடாகவே ஆகாது. ஆவி அங்கே தண்ணீராகி, எரிபொருளின் அமிலக் கழிவோடு சேர்ந்து அடியில் தேங்கி நிற்கும். வார இறுதியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடும் கார், தினமும் ஓடும் காரைவிடச் சீக்கிரம் சைலன்சரை இழப்பது இதனால்தான்.

வெளிப்பக்கம் செதில் செதிலாகக் கறள் பிடித்து, உள்ளே ஓரளவு நன்றாக இருந்தால் அது கடலின் வேலை. உலோகம் நன்றாக இருந்தும் முன்பக்க இணைப்பில், மேனிஃபோல்டுக்குக் கீழே குழாய் வெடித்திருந்தால், இஞ்சினையோ கியர்பொக்ஸையோ தாங்கும் மவுண்ட் தொய்ந்துபோயிருக்கும்; அல்லது குழாயைத் தொங்கவிடும் றப்பர்கள் செத்திருக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த சைலன்சர் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். முன்பெட்டியின் அடியில் உராய்ந்த தழும்புகள் இருந்தால் கார் தாழ்ந்துவிட்டது. முதலில் பின் ஸ்பிரிங் தகடுகளைப் பாருங்கள்.

என்ன கண்டீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தைத் தெரிவு செய்யும்போது இது வேண்டும்.

உங்களுடைய கார் எது?

"எம்ஜி மிட்ஜெட்டுக்கு ஒரு சைலன்சர்" என்று கேட்டால் எதுவும் சொன்னதாகாது. மிட்ஜெட் 1961 முதல் 1979 வரை வந்தது. இஞ்சின் 948 சிசியில் தொடங்கி 1098, 1275 என்று போய், 1974இன் கடைசியில் இருந்து ட்ரையம்ஃபின் 1493 சிசி இஞ்சினாக மாறியது. பெயர் ஒன்று, முன்குழாய் வேறு. ஸ்பிட்ஃபயரிலும் 1147, 1296, 1493 என்று மூன்று அளவுகள் உண்டு. எம்ஜிபிக்கு இஞ்சின் கடைசி வரை 1798 சிசிதான். ஆனால் 1974இன் பிற்பகுதியில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு றப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரத்தை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். ஆகவே ஆண்டைச் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

ஆண்டைப் பதிவுப் புத்தகத்தில் இருந்து மட்டும் எடுக்கவும் வேண்டாம். இலங்கையில் இத்தனை ஆண்டுகள் ஓடிய கார்களில் இஞ்சின் மாறியிருக்கலாம், மேனிஃபோல்ட் மாறியிருக்கலாம், ஒரு காரின் பின்பாகம் இன்னொரு காருக்கு வந்திருக்கலாம். சேசி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் காரிலேயே பாருங்கள். எம்ஜிபியில் திறந்த காரின் சேசி எண் ஜிஎச்என் என்றும், கூரையுள்ள ஜிடியின் எண் ஜிஎச்டி என்றும் தொடங்கும். இஞ்சின் எண் 18ஜி, 18ஜிபி, 18வி என்ற மாதிரித் தொடங்கும். இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் விற்பவரிடம் பேசுவது சுலபம்.

அதன் பிறகு அளவெடுங்கள். குழாயின் வெளிவிட்டம், இரண்டு பெட்டிகளின் நீளமும் அகலமும், தொங்கு பிடிகளுக்கு இடையே உள்ள தூரம், பின் அக்சிலுக்கு மேலே போகும் வளைவின் உயரம். சாதாரண டேப்பால் விட்டத்தை அளந்தால் பிழைக்கும். வேர்னியர் இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி நூல் கட்டி, அந்த நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது எடுக்கும் அளவாக இருக்க வேண்டும். உடலைத் தூக்கினால் பின் அக்சில் கீழே தொங்கும், வளைவின் இடைவெளி உள்ளதைவிடக் கூடத் தெரியும்.

புதியது பொருந்தி ஓடும் வரை பழையதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் வளைவுகளுக்கு அதுதான் அச்சு.

எந்த உலோகம்

இந்த ஊரில் இதுதான் பெரிய முடிவு. நான்கு வகைகள் உங்கள் முன்னால் வரும்.

சாதா இரும்பு, அதாவது மைல்ட் ஸ்டீல், மலிவு. வெல்டிங் சுலபம். காரோடு தொழிற்சாலையில் இருந்து வந்ததும் இதுதான். அதன் தாழ்ந்த, மென்மையான சத்தத்தை விரும்புகிறவர்கள் உண்டு. வெளிப்பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் வர்ணம் அடிக்கலாம். உள்பக்கத்துக்கு எதுவும் செய்ய முடியாது. கடற்கரையில் நிற்கும், கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் காருக்கு இது இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

அலுமினியம் பூசிய இரும்பு அடுத்த படி. மேற்பரப்பு மங்கிய வெள்ளியாக இருக்கும். பூச்சு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் சாதா இரும்பைவிட நன்றாகத் தாங்கும். வெல்டிங் பிடித்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், கறளும் அங்கேதான் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு ஒட்டின் மீதும் கம்பித் தூரிகை போட்டு, வெப்ப வர்ணம் அடிக்க வேண்டும். பணம் அளவாக இருந்து, காரை ஒழுங்காக ஓட்டுகிறவர் என்றால் இது நியாயமான தெரிவு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒரே பெயரில் விற்கப்படுவதற்குள் பல தரங்கள் இருக்கின்றன. 409 என்ற தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 11 வீதம்தான். காந்தம் ஒட்டும். மேலே கறள் படரும், ஆனால் ஓட்டை விழ நாளாகும். 304 தரத்தில் குரோமியம் 18 வீதமும் நிக்கல் 8 வீதமும் இருக்கும். காந்தம் ஒட்டாது, அல்லது வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கும். 316 தரத்தில் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினமும் சேர்ந்திருக்கும். படகுகளுக்கும் கடலோரக் கட்டடங்களுக்கும் பயன்படுத்துவது அதைத்தான். உப்பு ஸ்டெயின்லெஸைப் பரவலாக அரிப்பதில்லை; ஊசி முனை அளவில் குழி தோண்டும். அதற்கு 316தான் கூடத் தாங்கும். கார்களுக்குப் பெரும்பாலும் 304தான் கிடைக்கும், கழுவிப் பராமரித்தால் அது நமக்குப் போதும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் இருக்கட்டும். 304 என்று சொல்லி விற்கும் பெட்டியின் தட்டையான பக்கத்தில் காந்தம் சடக்கென்று ஒட்டினால் அது 304 இல்லை. உள்ளே இருக்கும் துளைக்குழாயும் ஸ்டெயின்லெஸ்தானா என்று கேளுங்கள். வெளித்தோல் மட்டும் பளபளத்து, உள்ளே சாதா இரும்பாக இருந்தால் நீங்கள் கொடுத்த பணம் தோலுக்குத்தான்.

ஸ்டெயின்லெஸில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சூடானால் 304 சாதா இரும்பைவிடக் கூட நீளும். மூன்று மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் இரும்பு ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் நீளும், 304 ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விடாமல் இறுக்கிப் பிடித்தால் எங்காவது வெடிக்கும். தொங்கு றப்பர்கள் புதிதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டியது இதற்காகத்தான். சத்தமும் கொஞ்சம் கூர்மையாக, தகரம் அதிர்வதுபோல் வரும். தடித்த தகடாக இருந்தால் அது குறையும்.

நான்காவது வகையைச் சொல்வது அதைத் தவிர்க்கச் சொல்லத்தான். தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜிஐ குழாயை வெட்டிச் சைலன்சர் செய்து தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் நாகப் பூச்சு வெல்டிங் வெப்பத்தில் வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசிக்கும் வெல்டிங்காரருக்கு அன்று மாலையே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். குழாயும் தேவைக்கு மேல் கனமாக இருந்து மேனிஃபோல்டை இழுக்கும்.

என்னுடைய முடிவு இது. பழைய பெட்டி உள்ளிருந்து உக்கியிருந்து, நீங்கள் ஓட்டும் முறையும் மாறப்போவதில்லை என்றால், 304க்குப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருங்கள். வெளியிலிருந்து மட்டும் உக்கியிருந்து, காரைக் கூரையின் கீழே கடலுக்குச் சற்று விலகி வைக்க முடியும் என்றால், அலுமினியம் பூசியது போதும். காரைத் தொழிற்சாலையில் வந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர் சாதா இரும்பைப் போடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

பருமனும் சத்தமும்

"இஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்" என்று கராஜுகளில் சொல்வார்கள். பின்னழுத்தம் எந்த இஞ்சினுக்கும் நல்லதல்ல. வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரில் இருந்து வேகமாக வெளியே போகும் புகை, பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்லும்; அது அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் தளர்ந்து, கீழ் ஓட்டத்தில் இழுவை குறைந்துவிடும். எம்ஜிபியின் மூலக் குழாய் ஒன்றேமுக்கால் அங்குலம். மாற்றம் செய்யாத இஞ்சினுக்கு அதுவே சரி. கூடினால் இரண்டு அங்குலம். இரண்டரை அங்குலக் குழாய் போட்டு, சீனன்குடாப் பக்கம் டாப் கியரில் மெதுவாகப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் காலிலேயே தெரியும்.

நான்கு குழாய்கள் சேர்ந்து ஒன்றாகும் டியூப் மேனிஃபோல்டை இதோடு சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் வெடிக்காமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் நல்ல வடிவம் கொண்டது, அமைதியானது. டியூப் போட்டால் இஞ்சின் அறையில் சூடு கூடும், நம்முடைய சித்திரை வைகாசி வெயிலில் கார்ப்பரேட்டரில் பெற்றோல் கொதிக்கத் தொடங்கும். அந்தச் சூட்டுக்குத் துணிப்பட்டி சுற்றினால் பட்டி உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளே இரும்பைத் தின்னும்.

பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்துப் புகையைத் திருப்பித் திருப்பி அனுப்புவது. சத்தம் குறைவு, பாரம் கூட. மற்றது, துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரோ உருக்குக் கம்பளியோ அடைத்தது. புகை நேராகப் போகும், சத்தம் இனிமையாக இருக்கும். நார் காலப்போக்கில் எரிந்து பறந்துவிடும், அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு சத்தம் ஏறும். வாங்குகிற அன்று கேட்கும் சத்தம் நிலையானதல்ல என்பதை நினைவில் வையுங்கள். முன்பெட்டி தடுப்பு வகையாகவும் பின்பெட்டி நார் வகையாகவும் இருந்தால் நீண்ட பயணத்துக்கு நல்ல சமநிலை. முன்பெட்டியை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் 2500, 3000 சுற்றில் ஒரு முழக்கம் வந்து காதுக்குள் உட்காரும். ஹபரணை வரை அதைக் கேட்டுக்கொண்டு போக யாராலும் முடியாது.

ஊருக்குள்ளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வீதியோரமாகவே படுத்திருக்கும். குழந்தைகளும் முதியவர்களும் அந்த ஏற்றத்தில் நடந்து போவார்கள். சத்தம் கூடிய சைலன்சருக்குப் போக்குவரத்துப் பொலிஸார் தண்டம் எழுதுவதும் உண்டு. நல்ல பழைய கார் ஒன்று அமைதியாக ஏறிப்போவதைப் பார்க்கும் ஆட்கள் அதை விரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்குழாயின் நுனி காரின் உடலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். திறந்த காரில் ஓட்டத்தின்போது பின்பக்கக் காற்று சுழன்று உள்ளே வரும். குழாய் குட்டையாக இருந்தால் அந்தச் சுழலோடு கார்பன் மொனொக்சைடும் உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பயணத்தில் தலையிடியும் தூக்கமும் வந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள்; புகை ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.

செய்விப்பதா, வரவழைப்பதா

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்ப்பது. மொரிஸ், ஒஸ்டின் கார்களின் பெட்டிகள் சில வேளை அகப்படும். ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுத் தொகுதி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, இங்கிலாந்தில் இருந்து எடுப்பிப்பது. வளைவுகள் சரியாக வரும், தரம் எழுதியிருக்கும். செலவு போக்குவரத்தில்தான் இருக்கிறது. விமான கூரியர்காரர் உண்மையான நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோ கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் பணம் கேட்பார். 150க்கு 30க்கு 25 என்ற பெட்டி 10 கிலோதான் இருந்தாலும் 22.5 கிலோவாகக் கணக்கில் வரும். லண்டனில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள், அவர்கள் அனுப்பும் கப்பல் பார்சலோடு சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது. நாளாகும், ஆனால் நீளமான சாமானுக்கு அதுதான் கட்டுப்படியாகும். கட்டளை கொடுக்கும் முன்னரே சுங்கத் தீர்வையை விசாரித்து, அதையும் சேர்த்துத்தான் விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப், தொங்கு றப்பர், மேனிஃபோல்ட் சீல் வளையங்கள், பித்தளை நட்டுகள் எல்லாவற்றையும் அதே பார்சலில் எடுங்கள். ஒரு வளையம் குறைந்ததால் கார் மாதக் கணக்கில் நிற்கக் கூடாது.

மூன்றாவது வழி, நம் ஊர் வெல்டிங் பாஸிடம் செய்விப்பது. மீன்பிடிப் படகுகளுக்கு ஸ்டெயின்லெஸ் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், கை சுத்தமானவர்கள். அவர்களிடம் ரிக் (TIG) வெல்டிங் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் மெல்லிய குழாய்க்கு அதுதான் சரி. வளைவு எப்படி எடுப்பார் என்பதையும் பேசிவிட வேண்டும். நான் பார்த்த பேச்சு ஒன்று இப்படிப் போனது.

"அண்ணே, இந்த அக்சிலுக்கு மேலே போற வளைவை எப்பிடி எடுப்பீங்க?"

"தம்பி, துண்டு துண்டா வெட்டி ஒட்டினா உள்ளுக்குள்ள படி படியா நிக்கும், புகை தட்டும். ரெடிமேட் வளைவு வாங்கித் தாங்க, இல்லாட்டி மணல் இறுக்கி அடைச்சுச் சூடு காட்டித்தான் வளைக்க வேணும். நசியக் கூடாது."

இப்படிப் பதில் சொல்கிறவரிடம் வேலையை நம்பிக் கொடுக்கலாம். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லுவார். ஈர மணல் சூட்டில் ஆவியாகி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். பெட்டிகளை மட்டும் நல்லதாக வரவழைத்து, குழாயை இங்கே வளைத்து ஒட்டுவது பலருக்குக் கைகொடுக்கும் நடுவழி.

கழற்றுவதும் பொருத்துவதும்

கழற்றுவதற்கு முதல் நாள் மாலையே எல்லா நட்டிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் காலையில் மறுபடி விடுங்கள். எம்ஜிபியில் மேனிஃபோல்டுக்கும் முன்குழாய்க்கும் இடையே இரண்டு வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நட்டுகள். பித்தளை நட்டாக இருந்தால் அதிர்ஷ்டம். யாரோ இரும்பு நட்டுப் போட்டிருந்தால் பொறுமை வேண்டும். ஒரேயடியாகத் திருகாமல் சிறிது தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். நட்டு ஏறியிருக்கும் மரைத்தண்டு, அதாவது ஸ்டட், முறிந்தால் மேனிஃபோல்டையே கழற்றித் துளையிட வேண்டி வரும். மசியாத நட்டுக்கு வெல்டிங்காரரின் சுடர்தான் மருந்து. பெற்றோல் குழாயும் கார்ப்பரேட்டரும் பக்கத்திலேயே இருப்பதால் அதை அனுபவமுள்ளவர்தான் செய்ய வேண்டும். பழைய வளையங்களிலும் காஸ்கெட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டாதீர்கள், தண்ணீர் நனைத்து எடுத்துப் பையில் கட்டுங்கள்.

புதியதை முன்னாலிருந்து பின்னால் வரை தளர்வாகவே கோத்து வாருங்கள். எந்த நட்டையும் இறுக்காதீர்கள். எல்லாம் தொங்கிய பிறகு, காரின் பாரம் சக்கரங்களில் இருக்கும் நிலையில், குழாய் எதையும் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிரேக் குழாய், பெற்றோல் குழாய், பின் அக்சில், ஸ்பிரிங், தரைத்தகடு எல்லாவற்றுக்கும் ஒரு விரல் தடிப்பாவது இடைவெளி வேண்டும். இரண்டு பேரைப் பின்னால் உட்கார்த்தி அக்சில் மேலே வரும்போதும் பாருங்கள். பிறகு முன்னாலிருந்து தொடங்கி இறுக்குங்கள். பின்னாலிருந்து இறுக்கினால் கோணல் எல்லாம் மேனிஃபோல்டில் போய்ச் சேரும்.

கிளாம்ப் விஷயத்தில், யூ வடிவ கிளாம்ப் குழாயை நசித்துவிடும். அடுத்த முறை கழற்ற வெட்டத்தான் வேண்டும். அகலமான பட்டை கிளாம்ப் கிடைத்தால் அதைப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்வாகத் திருகினால் மரை பிடித்து ஒட்டிக்கொள்ளும். செப்புக் கிறீஸ் கொஞ்சம் தடவுங்கள். பழைய தொங்கு றப்பரை மறுபடி போடவே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்த பிறகு

இஞ்சினைக் குளிர்ந்த நிலையில், வெளியில் காற்றோட்டமுள்ள இடத்தில் ஸ்டார்ட் செய்யுங்கள். தடித்த துணியால் பின்குழாயை ஒரு சில நொடி அடைத்துப் பிடித்தால் ஒழுக்கு உள்ள இடம் சீறும். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். முதல் பயணம் முடிந்து ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். வெப்ப வர்ணத்தின் மணமும் மெல்லிய புகையும் முதல் நாளில் வரும், அது சாதாரணம்.

புகை இலகுவாகப் போகத் தொடங்கினால் பெற்றோல் காற்றுக் கலவை மெலிந்துவிடும். அந்தக் கலவையைச் செய்யும் எஸ்யு (SU) கார்ப்பரேட்டரைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். கொஞ்சம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முனை பிஸ்கட் நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவை மெலிவு. அப்படியே ஓட்டினால் வால்வு எரியும். கரியாக இருந்தால் செறிவு.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு இந்த ஒழுங்கெல்லாம் முடிந்த பிறகு போங்கள். குழாய்க்குள் கருவியை விட்டுக் கார்பன் மொனொக்சைடையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். இணைப்பில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு அளவு பிழைக்கும்.

அதன் பிறகு பராமரிப்பு. காரை ஸ்டார்ட் செய்து வீட்டிலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின்பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான். வாரத்தில் ஒருமுறை கந்தளாய் வரை போய் வாருங்கள். ஒரு வழி ஏறத்தாழ 40 கிலோமீற்றர், நல்ல வீதி, தொகுதி கடைசி அங்குலம் வரை சூடேறி உலரும். பின்பெட்டி சாதா இரும்பென்றால், அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிட்டால் தேங்கும் தண்ணீர் வடிந்துபோகும். நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் ஓடி வந்த நாட்களில், குழாய் நன்றாக ஆறிய பிறகு அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதால் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு மறுபடி உப்பைப் பூசியதாகிவிடும். குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள். மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதியில், அடியில் ஒருமுறை போய்த் தொங்கு றப்பர்களையும் ஒட்டுகளையும் பார்த்து, வர்ணம் உரிந்த இடங்களுக்குக் கம்பித் தூரிகையும் வெப்ப வர்ணமும் போட்டுவிடுங்கள்.